நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்கள், அலுவலக வேலையாகப் போகிறவர்கள் என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வந்து, "நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போகிறோம். ஜாஸ் ஜாஸ் என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, அந்த இசையை எங்கே கேட்கலாம்?" என்று ஆரம்பிப்பார்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் பதில்களை மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ராத்திரி எங்கே போவது?

ஃபிரெஞ்ச்மென் தெருவுக்கு. ஊரின் பழைய பகுதிக்கு ஃபிரெஞ்ச் குவார்ட்டர் என்று பெயர். அதன் ஒரு எல்லை எஸ்பிளனேட் அவென்யூ. அதைத் தாண்டினால் மாரினி என்கிற பேட்டை. அங்கேதான் இந்தத் தெரு இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துவிடலாம். ஸ்னக் ஹார்பர், ஸ்பாட்டட் கேட், டி.பி.ஏ., புளூ நைல் என்ற இசை கிளப்புகள் எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் வந்துவிடும்.

ஸ்னக் ஹார்பரில் டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கச்சேரி மாதிரி. ஸ்பாட்டட் கேட் அதற்கு நேர் எதிர். நம் வீட்டு ஹால் அளவு இடம், ஜன்னலை ஒட்டி வாத்தியக்காரர்கள், அவர்கள் முகத்துக்கு முன்னால் ஜோடி ஜோடியாக ஆட்டம். உள்ளே இடம் கிடைக்காவிட்டாலும் நடைபாதையில் நின்றாலே பாதி கச்சேரி காதில் விழும்.

என் யோசனை: எந்தக் கதவுக்குள்ளும் நுழையாமல் முதலில் தெருவை ஒருமுறை முழுசாக நடந்துவிடுங்கள். கால் எங்கே தானாக நிற்கிறதோ அங்கே நுழையுங்கள். பட்டியல் போட்டுக்கொண்டு போகிறவர்கள் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள்.

பர்பன் தெருதானே பிரபலம்?

பிரபலம்தான். சத்தமும் பிரபலம்தான். பெரும்பாலான மதுக்கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த ராக், பாப் பாட்டுகளைத் திரும்ப வாசிப்பார்கள். ஃபிரிட்ஸல்ஸ் என்று ஒரு பழைய இடம் இருக்கிறது, அங்கே மட்டும் பாரம்பரிய ஜாஸ் நன்றாகவே இருக்கும். மற்றபடி அந்தத் தெருவை ஒருமுறை கடந்து போனால் போதும்.

பிரிசர்வேஷன் ஹால் பற்றிப் பெரிதாகச் சொல்கிறார்களே, போக வேண்டுமா?

போங்கள். ஆனால் என்ன எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

செயின்ட் பீட்டர் தெருவில் காரை உதிர்ந்த ஒரு பழைய கட்டடம். உள்ளே சில பெஞ்சுகள், முன்னால் தரையில் மெத்தைகள், பின்னால் நிற்க இடம். மதுக்கடை கிடையாது, சாப்பாடு கிடையாது. ஒரு காட்சி முக்கால் மணி நேரம். போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது, மைக் இல்லாமலே வாசிப்பார்கள். டிராம்போன்காரர் குழாயை நீட்டினால் முதல் வரிசைக்காரர் முழங்காலை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூச்சு எடுக்கும் சத்தம்கூடக் கேட்கும். நான் முதல்முறை போனபோது பாட்டைவிட அந்த மூச்சுச் சத்தம்தான் மனசில் நின்றது.

ஓவியங்கள் விற்கும் கூடமாக இருந்த இடம் அது. 1961-ல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி என்ற இளம் தம்பதி அதை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். அப்போது ஊரில் ராக் அண்ட் ரோல் அலை. ஜாஸ் பிறந்த காலத்திலிருந்து வாசித்த கிழவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். கிளாரினெட் ஜார்ஜ் லூயிஸ், பியானோ ஸ்வீட் எம்மா பாரெட் போன்றவர்களுக்கு இங்கே தினசரி வேலை கிடைத்தது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே கூரையின் கீழ் கூடுவது சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. சாண்ட்ராவையே ஒருமுறை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இப்போது அவர்கள் மகன் பென் ஜாஃபி நடத்துகிறார். அவரும் பாஸ், டியூபா வாசிப்பவர்.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஜாஸ் நிஜமாகவே இந்த ஊரில்தான் பிறந்ததா?

ஆமாம், ஆனால் அது ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்தது கிடையாது. இங்கே அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பறையடித்து ஆடினார்கள். ஊர் நிர்வாகம் 1817-ல், மேயர் குறித்துக் கொடுக்கும் இடத்தில் மட்டும்தான் கூடலாம் என்று விதி போட்டது. அப்படிக் கிடைத்த இடம்தான் காங்கோ சதுக்கம். டிரேமே என்ற கறுப்பர்களின் பழைய பேட்டையில், லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இன்றைக்கும் இருக்கிறது. போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.

அப்புறம் தேவாலயப் பாட்டு, புளூஸ் என்கிற கறுப்பர்களின் பாட்டு வகை, ராணுவ பேண்டு, ஐரோப்பிய நடன இசை, கலப்பினக் கிரியோல் குடும்பங்களில் இருந்த நோட்டு பார்த்து வாசிக்கும் பயிற்சி, இவை எல்லாம் ஒரே துறைமுக ஊரில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் கார்னெட் (டிரம்பெட் போன்ற சின்ன ஊதுவாத்தியம்) வாசித்த பட்டி போல்டன் என்பவரைத்தான் பழைய ஆட்கள் முதல் ராஜா என்பார்கள். 1907-ல் அவர் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார், 1931-ல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பு ஒரு நிமிஷம்கூடப் பதிவாகக் கிடைக்கவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1917-ல், இந்த ஊர் வெள்ளைக்காரர்கள் ஐந்து பேர் நியூயார்க்கில் போய்ப் பதிவு செய்தது. இதைச் சொன்னால் டிரேமேக்காரர்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஜாஸ் ஸ்டோரிவில் என்ற விபசார வட்டாரத்தில் பிறந்தது என்பது சினிமாவுக்கு ஏற்ற கதை. 1897-லிருந்து 1917 வரை அந்த வட்டாரம் இருந்தது, பியானோக்காரர்களுக்கு அங்கே நல்ல வரும்படி இருந்தது, எல்லாம் நிஜம். ஆனால் பேண்டுக்காரர்களுக்கு வேலை கொடுத்தது ஊர்வலம், நடனக் கூடம், பூங்கா, சாவு வீடு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆள் தேவைப்பட்டால்தான் ஒரு இசை பிழைக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் இந்த ஊர்க்காரர்தானே? அவர் ஞாபகமாக என்ன பார்க்கலாம்?

விமான நிலையத்தில் இறங்கும்போதே அவர் பெயர்தான். 1901 ஆகஸ்ட் 4-ல் பிறந்தவர், தன் பிறந்த நாளை 1900 ஜூலை 4 என்றே ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தாண்டு இரவில் துப்பாக்கியால் வானத்தில் சுட்டதற்காகச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பேண்டில்தான் கார்னெட்டை முறையாகக் கற்றார். அந்தச் சின்ன கார்னெட்டை எஸ்பிளனேட் அவென்யூவில் பழைய நாணயச் சாலைக் கட்டடத்தில் இருக்கும் ஜாஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஃபிரெஞ்ச்மென் தெரு பக்கத்திலேயே, அதனால் சாயந்திரம் இதைப் பார்த்துவிட்டு அப்படியே அங்கே போய்விடலாம்.

1922-ல் குரு கிங் ஆலிவர் கூப்பிட்டு சிகாகோ போனார். பின்னாளில், இரண்டு இனத்தவரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று இந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலத்தில் சட்டம் வந்தபோது, சொந்த ஊரில் வாசிக்கவே மாட்டேன் என்று இருந்துவிட்டார். 1965-ல்தான் திரும்ப வந்து வாசித்தார். விமான நிலையத்துக்குப் பெயர் வைத்தது 2001-ல்.

செகண்ட் லைன் என்றால் என்ன? நாங்களும் போகலாமா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால்தான் எனக்குச் சந்தோஷம்.

ஊரில் கறுப்பர்களுடைய சங்கங்கள் பல இருக்கின்றன. சோஷியல் எய்ட் அண்ட் பிளெஷர் கிளப் என்பார்கள். அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் மாதாமாதம் காசு போட்டு, ஒருவருக்கு நோய் வந்தால் வைத்தியம், இறந்தால் அடக்கம், கூடவே பேண்டு என்று பார்த்துக்கொண்டார்கள். காப்பீட்டுக்காரர்கள் கறுப்பர்களைச் சீந்தாத காலம். யங் மென் ஒலிம்பியன் என்ற சங்கம் 1884-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் வருஷத்தில் ஒரு ஞாயிறு மதியம் ஊர்வலம் போகும். முன்னால் ஒரே நிறத்தில் சூட்டும் ஷூவும் தொப்பியும் இறகு விசிறியுமாகச் சங்கத்துக்காரர்கள், அவர்களோடு பித்தளை ஊதுவாத்தியங்களும் டிரம்மும் சேர்ந்த பிராஸ் பேண்டு. இது முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டு வருகிற ஊர் ஜனம் இரண்டாவது வரிசை, அதுதான் செகண்ட் லைன். கடும் கோடை தவிர மற்ற மாதங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு பேட்டையில் நடக்கும். நாலு மணி நேரம் நடை. தாராளமாகப் போகலாம், யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். ஆனால் கயிறு கட்டி நடக்கும் சங்கத்துக்காரர்களுக்கும் பேண்டுக்கும் நடுவில் போய்ப் படம் எடுக்கிறேன் என்று நிற்காதீர்கள்.

பக்கத்தில் போனால் தாளக்காரர்களைப் பாருங்கள். ஸ்னேர் டிரம் ஒருவர், பெரிய பாஸ் டிரம் ஒருவர் என்று இரண்டு பேர். பாஸ் டிரம் மேல் ஒரு சிம்பலைத் திருகி வைத்திருப்பார்கள். ஒரு கையில் பஞ்சுத் தலை வைத்த கோல், இன்னொரு கையில் சிம்பலைத் தட்ட வளைத்த கம்பி, சிலரிடம் வெறும் ஸ்குரூ டிரைவர். டிக்கி டிக்கி என்று அந்தக் கம்பி போடும் சத்தத்தில்தான் ஜனங்களின் கால் ஓடுகிறது. தோளைச் சுற்றி வளைந்து தலைக்கு மேல் புனல் விரிக்கும் சூசாபோன் பாஸ் கொடுக்கும். நான் ஒருமுறை அந்தப் புனலுக்கு நேர் எதிரே இரண்டு தெரு நடந்தேன். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நாற்காலியை நகர்த்துவது போல் இருந்தது.

சாவு ஊர்வலத்தில்கூடக் குதித்து ஆடுவார்களாமே?

முழுக்க அப்படி இல்லை. தேவாலயத்திலிருந்து கிளம்பும்போது மெதுவான துக்கப் பாட்டுகள். 'ஜஸ்ட் எ க்ளோசர் வாக் வித் தீ' என்ற பக்திப் பாட்டு அநேகமாக வரும். முன்னால் நடந்து ஊர்வலத்தை நடத்துகிற கிராண்ட் மார்ஷல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, தயங்கி, அடுத்த காலை வைத்து நடப்பார். ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் நரம்புகளைத் தளர்த்திவிடுவார்கள், அதனால் அடி ஈரத்துணியில் விழுந்தது போல் கேட்கும்.

அப்புறம் இறந்தவரை அனுப்பி வைக்கும் கட்டம். உடலை விட்டுவிடுவது என்றே சொல்வார்கள். முன்பு கல்லறை வரை நடந்தார்கள். இப்போது கல்லறைகள் தூரம் என்பதால் பாதி வழியில் வண்டிக்கு வழி விட்டு நிற்பார்கள். வண்டி கொஞ்ச தூரம் போனதும் டிரம்காரர் நரம்பை இறுக்கி ஒரு உருட்டு உருட்டுவார். டிரம்பெட் கூப்பிடும், குடைகள் விரியும், கைக்குட்டைகள் மேலே போகும். அதுவரை அழுத பெண்மணியே முன்னால் நின்று ஆடுவதைப் பார்க்கலாம். பறைச் சத்தத்தோடு சாவு எடுக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அழைப்பு இல்லாத சாவுக்குப் போவது உங்கள் மனசாட்சி. போனால் கேமராவைப் பையில் வைத்திருங்கள். இந்த ஊர்வலங்களுக்கும் போலீஸுக்கும் பழைய தகராறு உண்டு. கெர்வின் ஜேம்ஸ் என்ற சூசாபோன் கலைஞர் இறந்த சில நாளில், 2007 அக்டோபரில், அவர் நினைவாக டிரேமேயில் சாயந்திரம் வாசித்துக்கொண்டு போனவர்களைப் போலீஸ் நிறுத்தி, இரண்டு பேரைக் கைது செய்தது. அடுத்த நாள் அனுமதிச் சீட்டு வாங்கி மறுபடியும் வாசித்துக்கொண்டு போனார்கள்.

பதினாலு வயசுப் பையன்கள்கூட இப்படி வாசிக்கிறார்களே, எங்கே கற்கிறார்கள்?

முதலில் வீட்டில். டிரேமேயில் ஆண்ட்ரூஸ் குடும்பம் என்றால் வாத்தியம் எடுக்காத ஆளைத் தேட வேண்டும். டிராய் ஆண்ட்ரூஸ் தன்னைவிடப் பெரிய டிராம்போனைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் வந்ததால் டிராம்போன் ஷார்ட்டி என்று பெயர் ஆனது. பாட்டிஸ்ட் குடும்பம், மார்சாலிஸ் குடும்பம் என்று இன்னும் பல. ஜான் பாட்டிஸ்ட் 2022-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியவர்.

வீட்டுக்கு வெளியே இரண்டு வாத்தியார்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் பான்ஜோக்காரர் டேனி பார்க்கர். நியூயார்க்கில் கேப் காலவே என்ற பிரபல பாடகரின் பேண்டில் எல்லாம் வாசித்துவிட்டு 1965-ல் ஊர் திரும்பினார். பார்த்தால் பிராஸ் பேண்டில் எல்லாரும் வயசானவர்கள். 1970 வாக்கில் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு பேண்டு ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் பையன்களைக் கூட்டி வைக்காவிட்டால் இன்றைக்கு நாம் ஞாயிற்றுக்கிழமை பின்னால் நடக்கப் பேண்டே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். 1977-ல் வந்த டர்ட்டி டஸன், 1983-ல் பள்ளிப் பையன்கள் ஆரம்பித்த ரீபர்த் எல்லாம் அந்த மறுமலர்ச்சியில் வந்த பேண்டுகள். ரீபர்த் 2012-ல் கிராமி வாங்கியது.

இன்னொருவர் பியானோ வாத்தியார் எல்லிஸ் மார்சாலிஸ். நோக்கா என்கிற கலைப் பள்ளியில் டெரன்ஸ் பிளான்சர்ட், டொனால்ட் ஹாரிசன், ஹாரி கானிக் ஜூனியர், தன் பிள்ளைகள் பிரான்ஃபோர்டு, விண்டன் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் சொன்னார். உலகப் புகழ் பெற்ற மாணவர்கள் இருந்தும் வெள்ளிக்கிழமைகளில் ஸ்னக் ஹார்பரில் வாசிப்பதைப் பல பத்தாண்டுகள் விடவில்லை. 2020 ஏப்ரல் 1-ல் கோவிட்டில் போய்விட்டார், வயது 85.

நோட்டு இல்லை, பேசிக்கொள்வதும் இல்லை. அடுத்து யார் வாசிப்பது என்று எப்படித் தெரிகிறது?

பாட்டுக்கு ஒரு சுற்று உண்டு. புளூஸ் என்றால் 12 அளவு, நிறையப் பாட்டுகளுக்கு 32 அளவு (ஒரு அளவு என்பது பெரும்பாலும் நாலு தட்டு). எல்லாரும் சேர்ந்து மெட்டை ஒரு சுற்று வாசிப்பார்கள். அப்புறம் அதே ஸ்வர அடுக்கு பின்னால் சுழன்றுகொண்டே இருக்க, ஆளுக்கு ஒன்றிரண்டு சுற்று கற்பனையாக வாசிப்பார்கள். ஆவர்த்தனக் கணக்கு தெரிந்த காதுக்கு இது பத்து நிமிஷத்தில் பிடிபடும்.

சைகைகளைக் கவனியுங்கள். தலைவர் தன் உச்சந்தலையைத் தொட்டால் மெட்டுக்குத் திரும்பு என்று அர்த்தம். நாலு விரல் காட்டினால் டிரம்மோடு நாலு நாலு அளவாகக் கேள்வி பதில். முஷ்டியை மூடிக் காட்டினால் முடி. இந்த ஊர்ப் பழைய பாணியில் இன்னொன்று: கடைசிச் சுற்றுகளில் டிரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொள்ள, கிளாரினெட் மேலே கொடி போல் சுற்ற, டிராம்போன் கீழே வழுக்கிக்கொண்டு வர, மூவரும் ஒரே நேரத்தில் கற்பனை செய்வார்கள். முதலில் இரைச்சலாகத் தெரியும். ஏதாவது ஒரு வாத்தியத்தை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போங்கள்.

பாட்டு கேட்கலாமா? எவ்வளவு கொடுப்பது?

கேட்கலாம், காசோடு கேளுங்கள். பிரிசர்வேஷன் ஹாலில் ஒரு காலத்தில் பலகையே மாட்டியிருந்தார்கள்: பாரம்பரியப் பாட்டுக்கு ஒரு விலை, மற்றதற்கு அதைவிட அதிகம், 'வென் த செயின்ட்ஸ்' பாட்டுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். ஒரே பாட்டை ஆயிரம் முறை வாசித்தவரின் அலுப்புக்கும் விலை போட்டது நியாயம்தான்.

ஃபிரெஞ்ச்மென் தெருமுனையில் பையன்களின் பேண்டு ஒன்றை நான் ஒரு பாட்டு முழுக்கப் போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் வாளி வைத்திருந்த பையன் என் முன்னால் வந்து நின்றான். ஒன்றும் சொல்லவில்லை, நகரவும் இல்லை. அந்த அரை நிமிஷத்தில் பாடம் படித்துக்கொண்டேன். நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் வாளிதான் சம்பளம். ஒரு செட், அதாவது ஒரு இடைவேளை வரை வாசிப்பதைக் கேட்டால் ஆளுக்குச் சில டாலராவது போடுங்கள்.

இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா?

சிரமம்தான். மதியம் தெருவில், சாயந்திரம் ஹோட்டல், ராத்திரி கிளப் என்று ஒரே நாளில் மூன்று இடம் வாசிக்கிறவர்கள் சாதாரணம். ராயல் தெருவில் டோரீன் கெட்சன்ஸ் பல வருஷமாக வாசிக்கும் கிளாரினெட்டைக் கேட்டால் தெருவில் வாசிப்பவர் என்றால் மட்டம் என்ற நினைப்பு போய்விடும்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்து, கரைகள் உடைந்து ஊரில் ஐந்தில் நாலு பங்கு முங்கியது. வாத்தியமும் வீடும் போய், கலைஞர்கள் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறினார்கள். ஹாரி கானிக்கும் பிரான்ஃபோர்டு மார்சாலிஸும் ஒரு வீட்டுவசதித் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒன்பதாம் வார்டில் 72 வீடுகள் கொண்ட கலைஞர் குடியிருப்பைக் கட்ட வழி செய்தார்கள். கலைஞர்களுக்கென்றே 1998-லிருந்து ஒரு கிளினிக்கும் இருக்கிறது. இருந்தாலும் டிரேமேயில் வாடகை ஏறி, அந்தப் பேட்டைக்கு இசையைக் கொடுத்தவர்களே அங்கே குடியிருக்க முடியாத நிலை. வந்து பார்க்கிற நாமும் அந்த வாடகை ஏற்றத்துக்கு ஒரு காரணம்தான்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

பிரிசர்வேஷன் ஹால், ஊர்வலம், பகல் நேரத் தெரு இசை, எல்லாவற்றுக்கும் கூட்டிப் போகலாம். மது விற்கும் கிளப்புகளில் பல இடத்தில் 21 வயது நிபந்தனை உண்டு, வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது?

ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமும் ஜாஸ் ஃபெஸ்ட். 1970-ல் காங்கோ சதுக்கத்தில் சின்னதாக ஆரம்பித்தது, இப்போது குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கும் பெரும் திருவிழா. கூட்டம், வெயில், அறை வாடகை எல்லாமே உச்சம். எனக்குப் பிடித்தது அதற்கு முன் ஏப்ரலில் வரும் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் ஃபெஸ்டிவல். உள்ளூர்க் கலைஞர்கள்தான் பெரும்பாலும், கட்டணமும் இல்லை. ஆகஸ்டில் ஆம்ஸ்ட்ராங் பிறந்த நாளை ஒட்டி ஒரு விழா உண்டு, ஆனால் அந்தப் புழுக்கம் சென்னைக்காரர்களையே வாட்டும்.

இன்றைக்கு யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டபிள்யூ.டபிள்யூ.ஓ.ஸெட். 90.7 எஃப்.எம். என்ற வானொலி. 1980-லிருந்து தொண்டர்கள் நடத்துவது. ஒற்றைப்படை மணிகளில் அன்றைய நிகழ்ச்சிப் பட்டியலை வாசிப்பார்கள். இணையத்திலும் கேட்கலாம். ஞாயிறு ஊர்வலத்தின் பாதைகூட அவர்கள் தளத்தில் வரும்.

நான் வயலின் வாசிப்பேன். அவர்களோடு சேர்ந்து வாசிக்க விடுவார்களா?

ஜாம், அதாவது வருகிற கலைஞர்களும் மேடையேறிச் சேர்ந்து வாசிப்பது, நடக்கும் இடமாக இருந்தால் விடுவார்கள். செட் முடிந்த இடைவேளையில் தலைவரிடம் போய்ப் பெயர், வாத்தியம், தெரிந்த பாட்டு சொல்லுங்கள். பாதிப் பாட்டில் பெட்டியைத் திறக்காதீர்கள். ஊதுகிறவர்களுக்கு வசதியான பி ஃபிளாட், எஃப், ஈ ஃபிளாட் சுருதிகளில்தான் வாசிப்பார்கள், வயலின் விரலுக்கு அது அத்தனை சௌகரியம் இல்லை, பழகிக்கொண்டு போங்கள். இரண்டு சுற்று வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது சுற்றை அவர்களாகக் கேட்டால் வாசிக்கலாம்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. என்ன செய்வது?

ஞாயிறாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதியம் ஊர்வலம் கிளம்பும் பேட்டைக்குப் போய்விடுங்கள். நடக்க வசதியான செருப்பு, தண்ணீர், சில்லறை நோட்டு. இடம் சரியாகத் தெரியாவிட்டால் பக்கத்துத் தெருவில் நின்று காது கொடுங்கள். டிரம்பெட்டுக்கு முன்னால் சூசாபோன்தான் கேட்கும். வீடுகளுக்குப் பின்னாலிருந்து வரும் அந்த அடிச்சத்தத்தை நோக்கி நடங்கள்.